பல்லா, தாடையா? வளரும் பிள்ளைகளுக்குக் கம்பி போடும் முன்

சேலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது இரண்டு மூன்று அம்மாக்கள் மட்டும் நின்று, மார்க்கைப் பற்றிக் கேட்டுவிட்டு, அப்புறம் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டுவார்கள். என் தங்கை மகளுக்குத் தாடைக்கு சிகிச்சை நடந்தது அவர்களுக்குத் தெரியும். "பால்பல்லு எல்லாம் விழுந்து முடியட்டும்னு சொல்றாங்களே, சரிதானுங்களா சார்?" என்பது ஒரு கேள்வி. "வயசுக்கு வந்த பொறகு கம்பி போட்டுக்கலாம்னு எங்க மாமியார் சொல்றாங்க" என்பது இன்னொன்று.

இரண்டுமே பாதிதான் சரி. பல் வரிசை மட்டும் தப்பியிருந்தால் காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. தாடையே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளர்கிறது என்றால் அந்தக் காத்திருப்பே சிகிச்சையைக் கெடுத்துவிடும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "கம்பி போடுறது", "கிளிப் போடுறது" என்று ஒரே பெயர் இருப்பதால் இந்த வித்தியாசம் பேச்சில் வருவதே இல்லை. அதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

தூக்குப்போசியும் மூடியும்

எவர்சில்வர் தூக்குப்போசியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி, பாத்திரத்தின் வாயை விடக் கொஞ்சம் பெரிது. சுற்றிலும் வெளிப்பக்கமாக வந்து உட்காரும். நம் வாயும் அப்படித்தான். மேல்பல் வரிசை, கீழ்ப்பல் வரிசைக்கு எல்லாப் பக்கமும் சற்று வெளியே நிற்க வேண்டும். முன்பக்கத்தில் மேல்பல் கீழ்ப்பல்லை 2, 3 மில்லிமீட்டர் மூடியிருப்பது சாதாரணம்.

மூடி சரியாக உட்காராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். விளிம்பு எங்கேயோ நெளிந்திருக்கலாம்; தட்டினால் சரியாகிவிடும். இல்லாவிட்டால், அது வேறு போசியின் மூடியாக இருக்கலாம். விளிம்பை எவ்வளவு தட்டினாலும் அளவு சேராது. பல் திரும்பியிருப்பது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது எல்லாம் முதல் வகை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் அளவிலோ இடத்திலோ சேராமல் இருப்பது இரண்டாவது வகை. இந்தக் கட்டுரையில் அதைத் 'தாடைப் பொருத்தமின்மை' என்று சொல்கிறேன்.

அது பெரும்பாலும் மூன்று விதமாக வரும். கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும், பார்க்கிறவர்கள் எத்துப்பல் என்பார்கள். மேல்பல் துருத்துவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பல பிள்ளைகளிடம் மேல்தாடை இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும், கீழ்த்தாடைதான் வந்து சேர்ந்திருக்காது. இரண்டாவது, இதற்கு நேர்மாறு: கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். மூன்றாவது, மேல்தாடை அகலம் போதாமல் குறுகியிருப்பது. இதை வீட்டில் யாரும் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் சிரிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது.

டாக்டர் எழுதும் சீட்டில் 'கிளாஸ் டூ', 'கிளாஸ் த்ரீ' என்று இருக்கும். எட்வர்டு ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் கடைவாய்ப்பல் கடிக்கும் இடத்தை வைத்துப் பிரித்த வகைகள் அவை. டூ என்றால் கீழ்வரிசை பின்னால், த்ரீ என்றால் முன்னால். அது பற்களின் கணக்கு. அதற்குக் கீழே தாடையிலும் குறை இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆக, டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "எப்போ கம்பி போடலாம்?" என்பதில்லை. "இது பல்லா, தாடையா?" என்பதுதான்.

எலும்பு எங்கே வளர்கிறது

கைக்குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்காத வீடு இல்லை. மெத்தென்று இருக்கும், துடிக்கும். ஒன்றரை வயது வாக்கில் மூடிக்கொள்ளும். மண்டை எலும்பு பல துண்டுகளாக இருப்பதால்தான் அந்த இடைவெளி. துண்டுகள் சேரும் கோட்டை 'எலும்புப் பொருத்து' என்பார்கள். எலும்பு வளர்வதற்கு அந்தப் பொருத்துகள் இடம் கொடுக்கின்றன.

உச்சிக்குழி மூடினாலும் எல்லாப் பொருத்தும் அப்போதே இறுகிவிடுவதில்லை. மேல்தாடையைச் சுற்றிப் பல பொருத்துகள் குழந்தைப் பருவம் முழுக்கத் திறந்திருக்கின்றன. அண்ணத்தின் நடுவே, முன்பல்லில் இருந்து தொண்டைப் பக்கம் நேராக ஒரு பொருத்து ஓடுகிறது. நாக்கை மேலே வைத்துத் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும், அதற்கு மேலேதான் அது. பதின்ம வயதில் இது கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் பூட்டிக்கொள்ளும். எந்த வயதில் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

கீழ்த்தாடை வேறு விதம். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உருளுகிற அந்த முனைதான் கீழ்த்தாடையின் மூட்டுத்தலை. அதன் மேல் குருத்தெலும்பு தொப்பி போல இருக்கிறது. அங்கே வளர வளர, தாடை கீழும் முன்னுமாகத் தள்ளப்படும். மேல்தாடை வளர்ச்சி முதலில் அடங்கும்; கீழ்த்தாடை இன்னும் சில வருடம் ஓடும். பையன்களுக்கு மீசை முளைத்த பிறகும்கூட.

பல் நகர்வது இதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. கம்பி லேசாக அழுத்தும்போது, பல் போகும் பக்கத்து எலும்பு கரையும், விட்டுவந்த பக்கம் புது எலும்பு படியும். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். இது 12 வயதிலும் நடக்கும், 40 வயதிலும் நடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் கம்பி போட்டு வரிசைப்படுத்திக்கொண்டவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் "எப்போ வேணாலும் போட்டுக்கலாம்" என்ற பேச்சு வந்தது. பல்லுக்கு அது உண்மைதான். பொருத்தும் குருத்தெலும்பும் அப்படிக் காத்திருப்பதில்லை.

குறுகிய மேல்தாடை: 20 திருகு

என் தங்கை ஏற்காட்டில் இருக்கிறாள். மகளுக்கு 7 வயதானபோது ஒரு கிளினிக்கில் காட்டினோம். பால்பல் விழுந்து முடியட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். 9 வயதில் வேறொரு டாக்டர், குழந்தையைக் கடிக்கச் சொல்லிவிட்டு, "தாடை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க" என்றார். அப்போதுதான் கவனித்தோம். வாயை மூடத் தொடங்கும்போது நேராக வந்த கீழ்த்தாடை, பல் தொட்ட நொடியில் வலது பக்கம் நழுவியது. மேல்தாடை குறுகலாக இருந்ததால் நேராகக் கடித்தால் பல்லோடு பல் இடித்தது. ஒரு பக்கம் ஒதுங்கினால்தான் அவளால் மெல்ல முடியும். இப்படியே வருடக்கணக்கில் ஒதுங்கிக் கடித்தால் முகமே ஒருபக்கமாக வளரக்கூடும். சின்ன வயதிலேயே கை வைக்க வேண்டிய தாடைப் பிரச்சினைகளில் இது ஒன்று.

அவளுக்குப் பொருத்தியது 'விரிப்பான்'. கடைவாய்ப்பற்களில் வளையம் போட்டு, அண்ணத்துக்குக் குறுக்கே ஒரு சின்னத் திருகை நிறுத்தியிருந்தார்கள். மே மாத விடுமுறைக்கு என் வீட்டில் இருந்தாள், அதனால் திருகும் வேலை என்னுடையது. ராத்திரி சாப்பிட்டு வாய் கொப்பளித்ததும் தலையணையில் சாய்ந்து வாயைத் திறப்பாள். போன் டார்ச்சை என் மனைவி பிடிப்பாள். திருகின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. கம்பிச் சாவியை அதில் விட்டு, முன்பல் பக்கமிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். தள்ளி முடித்தால் அடுத்த துளை கண்ணில் படும். படவில்லை என்றால் முழுதாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். தொண்டைக்குள் விழுந்துவிடாமல் இருக்கச் சாவியில் நூல் கட்டியிருந்தோம். "வலிக்குதா சாமி?" என்றால், "இல்ல மாமா, மூக்குகிட்ட இறுக்கமா இருக்குது" என்பாள். ஐந்து நிமிடத்தில் அதுவும் அடங்கிவிடும்.

ஒரு தடவை திருகினால் 0.25 மில்லிமீட்டர். தினம் ஒன்றாக 20 நாள் திருகியதில் 5 மில்லிமீட்டர். இரண்டாவது வாரத்தில், மகளைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்த என் தங்கை, வாசலிலேயே குழந்தையின் சிரிப்பைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு அரிசி நுழையும் அளவுக்குச் சந்து. "என்னண்ணா, பல்லு இப்படிப் பிளந்துக்கிச்சு?" என்று அழாத குறை. உண்மையில் அந்தச் சந்துதான் நல்ல சகுனம். பல் சாய்ந்து வரவில்லை, அண்ணத்தின் நடுப்பொருத்தே திறந்து இரண்டு பாதி எலும்பும் விலகியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஈறு நார்களின் இழுப்பில் அந்த முன்பல்கள் சில வாரங்களில் தானாக நெருங்கிவிட்டன. திறந்த பொருத்துக்குள் புது எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். அதனால் திருகுவதை நிறுத்திய பிறகும் ஆறு மாதம் கருவியை அப்படியே விட்டுவைத்தார்கள்.

பொருத்து இறுகிய பெரியவர்களுக்கு இதே திருகைப் போட்டால் எலும்பு விலகாது, பல்தான் வெளியே சாயும். அவர்களுக்கு எலும்பில் ஆணி பதித்தோ, அறுவை செய்தோதான் விரிக்க வேண்டியிருக்கும். 9 வயதில் கம்பிச் சாவியும் டார்ச்சும் போதுமானதாக இருந்தது.

சுருக்கமாக: பொருத்து திறந்திருக்கும் வயதில் மேல்தாடையை அகலமாக்கலாம், நடுவில் சந்து விழுந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்திய பிறகும் கருவி வாயில் இருக்க வேண்டும்.

பின்தங்கிய கீழ்த்தாடை

இதற்கு நம் பக்கம் அதிகம் போடுவது 'ட்வின் பிளாக்'. ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் என்ற பல் மருத்துவர் 1977-இல் உருவாக்கியது. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு; இரண்டிலும் சரிவாகச் சீவிய கட்டைகள். கடிக்கும்போது கீழ்க்கட்டை மேல்கட்டைக்கு முன்னால் வழுக்கி வந்துதான் நிற்க முடியும். கீழ்த்தாடை முன்னால் வந்தபடியே நாள் முழுக்க இருக்கும். சாப்பிடும்போதும் கழற்றாமல் போட்டிருக்கும்படிதான் இதை வடிவமைத்தார்கள். ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். முதல் சில நாள் எச்சில் ஊறும், 'ச' வராது, பிள்ளை கழற்றி டிபன் பாக்ஸுக்குள் வைக்கும். அந்த நாட்களைத் தாண்ட வைப்பதுதான் வீட்டுக்காரர்களின் வேலை.

இது தாடையை இழுத்து நீட்டிவிடும் என்று சிலர் சொல்வது மிகை. நடக்கும் மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் சாய்வதால் வருவது: மேல்பல் கொஞ்சம் உள்ளே, கீழ்ப்பல் கொஞ்சம் வெளியே. மீதிதான் எலும்பு. அந்த மீதியும், தாடை எப்படியும் வேகமாக வளரப்போகிற காலத்தில் போட்டால்தான் நன்றாகக் கிடைக்கும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மார்ச், ஏப்ரலில் மொக்கு தயாராக இருக்கும்போது ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதே அளவு மழை வேறு மாதத்தில் பெய்தால் மண் நனையும், அவ்வளவுதான். கருவியும் அந்த மழை மாதிரி. மொக்கு தயாராவது உடம்பின் வேலை.

எத்துப்பல்லை 7, 8 வயதிலேயே சரிசெய்யத் தொடங்கினால் கடைசியில் அதிக நன்மையா என்று பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு, அவற்றைத் தொகுத்து 2013-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. சீக்கிரம் ஆரம்பித்து இரண்டு கட்டமாகச் செய்த பிள்ளைகளுக்கும், பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்த பிள்ளைகளுக்கும் கடைசிப் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் வித்தியாசம் இருந்தது: சீக்கிரம் செய்தவர்களுக்கு முன்பல் அடிபடுவது குறைந்தது. அதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பள்ளியில் ஒரு பையன் கபடியில் குப்புற விழுந்து, துருத்தியிருந்த முன்பல் பாதியாக உடைந்து, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. ரொம்பவும் துருத்தியிருந்தால், உதடு மூடவே சிரமப்பட்டால், முன்னதாகச் செய்வதற்கு அது ஒரு நல்ல காரணம். இல்லாவிட்டால் வளர்ச்சி வேகமெடுக்கும் வரை பொறுக்கலாம்.

முன்னால் வந்த கீழ்த்தாடை

இங்கே கணக்கு தலைகீழ். பல பிள்ளைகளிடம் மேல்தாடையும் பின்தங்கியிருக்கும். 10 வயதுக்குள், பொருத்துகள் இளக்கமாக இருக்கும்போதே, மேல்தாடையை முன்னால் இழுக்கலாம். நெற்றியிலும் முகவாயிலும் தாங்கி நிற்கும் ஒரு சட்டம், அதிலிருந்து வாய்க்குள் இருக்கும் கருவிக்கு ரப்பர் வளையங்கள். 'முகக் கவசம்' என்று பெயர். பக்கத்துக்குச் சுமார் 400 கிராம் இழுப்பு இருக்கும். தினம் 12 முதல் 14 மணி நேரம் போட வேண்டும். பள்ளிக்குப் போட்டுப் போக வேண்டியதில்லை, சாயங்காலம் முதல் காலை வரை போதும்.

எனக்கு அதிகம் மனசு வலிப்பது இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான். "தாத்தா மாதிரி மொகவா, போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். பரம்பரை என்பது உண்மைதான். ஆனால் பரம்பரையாக வந்தால் சிகிச்சை எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மற்ற தாடைக் குறைகளில் சிலவற்றுக்கு வளர்ச்சி உதவிக்கு வரும். இதில் வருடம் போகப் போக வித்தியாசம் அதிகமாகத்தான் ஆகும். சிகிச்சை எடுத்த பிறகும் பதின்ம வயதில் கீழ்த்தாடை மறுபடி முந்திக்கொள்ளலாம், அதைப் பெற்றோர் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அப்படி ஆனால் வளர்ச்சி முழுக்க நின்றபின், 18 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோ, தாடை அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சின்ன வயதில் செய்தது அந்த அறுவையின் தேவையைப் பலருக்குக் குறைக்கிறது. எல்லோருக்கும் இல்லை.

வயது எப்படித் தெரியும்

பெண் பிள்ளைகளுக்கு உடம்பு வேகமாக வளர்வது 10 முதல் 12 வயதில், பையன்களுக்கு 12 முதல் 14-இல். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: பெண் பிள்ளையின் வளர்ச்சி வேகம் உச்சத்துக்குப் போவது வயதுக்கு வருவதற்குச் சுமார் ஒரு வருடம் முன்பு. சீர் வைக்கும் நாளில் அந்த உச்சம் தாண்டியிருக்கும். "வயசுக்கு வந்த பொறகு பார்க்கலாம்" என்ற யோசனை தாடை விஷயத்தில் தப்பாவது இதனால்தான். வளர்ச்சி அத்தோடு நின்றுவிடாது, ஆனால் அடங்கத் தொடங்கிவிடும்.

டாக்டர்கள் பிறந்த தேதியை மட்டும் நம்புவதில்லை. முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பும் விழும். சின்னப் பிள்ளைக்கு அந்த எலும்புகளின் கீழ்விளிம்பு தட்டையாக இருக்கும். வளர்ச்சி வேகமெடுக்கும் சமயத்தில் ஒவ்வொன்றாக உள்ளே குழியும். எத்தனை எலும்பில் குழி விழுந்திருக்கிறது என்று பார்த்தே பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

'ஐந்தில் வளையாதது' பழமொழியை இங்கே யாராவது எடுத்துவிடுவார்கள். 5 வயதில் வளைக்க வேண்டியது பெரும்பாலும் எதுவும் இல்லை. 7 வயதில் ஒருமுறை காட்டுங்கள் என்கிறது அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம். அந்த வயதில் முதல் நிலையான கடைவாய்ப்பல்லும் முன்பல்லும் வந்திருக்கும், கடி எப்படி என்று பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு "ஒன்றும் வேண்டாம், அடுத்த வருடம் வாங்க" என்று அனுப்பினால் அதுவும் நல்ல பதில்தான். 8, 9 வயதில் மேல் முன்பல்களுக்கு நடுவே சந்து இருந்து பார்க்க நன்றாக இல்லை என்று பதறுகிறார்கள். கோரைப்பல் இறங்கும்போது அது பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

பிள்ளை தூங்கும்போது வாய் திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையின் வீக்கத்தாலோ, ஓயாத மூக்கடைப்பாலோ வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் கீழேயே கிடக்கும். மேல்தாடை குறுகுவதற்கு அது துணைபோகிறது. அவர்களை முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். நிலையான முன்பல் வந்த பிறகும் கட்டைவிரல் சூப்புவது தொடர்ந்தால் பல்லும் அண்ணமும் வடிவம் மாறும். அதட்டினால் ஒளிந்து சூப்பும். பேசித்தான் நிறுத்த வேண்டும்.

நாக்கை அண்ணத்தில் அழுத்தியே தாடையைச் செதுக்கலாம் என்று யூடியூபில் வரும் பயிற்சிகளை எட்டாம் வகுப்புப் பையன்கள் வகுப்பிலேயே செய்கிறார்கள். தாடைப் பொருத்தமின்மை அதனால் சரியாகும் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை. அதை நம்பி அவர்கள் கழிக்கும் இரண்டு வருடம்தான் வளர்ச்சி வேகமாக இருக்கும் இரண்டு வருடம்.

சாப்பிடும்போதும் ஒரு கண் வையுங்கள். தட்டுவடையை முன்பல்லால் கடிக்காமல் ஓரமாகத் தள்ளிக் கடிக்கிறதா? கடிக்கும்போது முகவாய் ஒருபக்கம் நழுவுகிறதா? கீழ் முன்பல் அண்ணத்தில் குத்துகிறதா?

காட்ட வேண்டியது பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரிடம். பி.டி.எஸ். முடித்து அதற்கு மேல் மூன்று வருடம் இதையே படிப்பவர்கள் அவர்கள். செலவு பயமாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், சேலத்திலேயே இருக்கிறது. தனியார் கிளினிக்கை விடக் குறைவாகவே ஆகும். நேரம் மட்டும் அதிகம் ஒதுக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள், மாதம் ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும் என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தங்கைக்கு அப்படிச் சொன்னதால்தான் திருகும் நாட்களை விடுமுறையில் வைத்தார்கள்.

இன்னொன்று, இதற்குக் காசே ஆகாது. கதவு நிலையில் பிள்ளையை நிறுத்தி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள், பக்கத்தில் தேதி எழுதுங்கள். கோடுகளின் இடைவெளி திடீரென்று அகலமானால், அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அந்த மாதமே டாக்டரைப் பாருங்கள்.